எல்லிஸ் தீவுக்கு ஒரு நாள்: எந்த வழியில் போவது, எதை விடுவது

நியூயார்க் போகிற எல்லோர் பட்டியலிலும் சுதந்திர தேவி சிலை இருக்கும். அதே டிக்கெட்டில், அதே படகில் அடுத்த நிறுத்தம் எல்லிஸ் தீவு. அமெரிக்காவில் குடியேற வந்தவர்களை ஒரு காலத்தில் சோதித்து அனுமதித்த இடம், இப்போது அருங்காட்சியகம். ஆனால் காலை முழுவதையும் சிலைக்குக் கொடுத்துவிட்டு, கால் வலியோடும் பசியோடும் படகேறி, "இதையும் ஒரு எட்டு பார்த்துடலாம்" என்று அரைமணி நேரம் மட்டும் இறங்குகிறவர்கள்தான் அதிகம். இறங்காமலே திரும்புகிறவர்களும் உண்டு. இது எனக்கு ரொம்பவே வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் அந்த டிக்கெட்டில் உண்மையில் நேரம் கேட்கிற இடம் எல்லிஸ்தான். சிலையைத் தூரத்திலிருந்தும் பார்க்கலாம். எல்லிஸை உள்ளே போய் நடந்தால்தான் பார்க்க முடியும்.

நியூயார்க்கில் கையில் இருப்பது ஒரே நாளோ, அல்லது ஒரு நாளும் இன்னொரு பாதி நாளுமோ என்றால் எந்த வழியைத் தேர்வு செய்வது என்று பார்க்கலாம். வழிகள் பல. படகை எந்தக் கரையில் பிடிப்பது, சிலை மேல் ஏறுவதா வேண்டாமா, தீவின் பூட்டிய பக்கத்துக்குக் காசு கொடுத்துப் போகலாமா, தீவே வேண்டாமென்று நகருக்குள் இருக்கும் இன்னொரு அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் தீவில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நேரத்தைப் பங்குபோட முடியாது.

1892 ஜனவரி 1 அன்று எல்லிஸ் தீவு குடிவரவு நிலையம் திறந்தது. முதலில் பதிவானவர் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து தம்பிகளோடு வந்த ஆனி மூர் என்ற பெண். 1897 ஜூனில் மரக்கட்டிடம் தீப்பிடித்து எரிந்துபோனது. பழைய பதிவேடுகளும் அதோடு போயின. இன்று நாம் பார்க்கும் செங்கல் கட்டிடம் 1900 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1954 நவம்பரில் நிலையம் மூடப்படும்வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இதன் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். உச்சம் 1907. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 10 லட்சம் பேர்.

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்கள் பெரும்பாலும் இங்கே வர வேண்டியதில்லை. அவர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டார்கள். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ஏழைகளைத்தான் தீவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வகையில் இது ஏழைகளின் கதையைச் சொல்லும் இடம். பெரிய தேசிய நினைவிடங்களில் அப்படி அமைவது அபூர்வம்.

கீழ்த்தளத்தில் மூட்டைமுடிச்சுகளை வைத்துவிட்டு மாடிப்படி ஏறுவார்கள். ஏறும்போதே மருத்துவர்களின் பார்வை மேலே விழும். மூச்சு வாங்குகிறதா, கால் தாங்குகிறதா என்று சில நொடிகளில் கணித்து, சந்தேகம் இருந்தால் சட்டையில் சாக்கட்டியால் ஓர் எழுத்து போடுவார்கள். 'ஹெச்' என்றால் இதயம், 'ஈ' என்றால் கண், 'எக்ஸ்' என்றால் மனநிலை. டிரகோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று பார்க்க, பொத்தான் மாட்டும் கொக்கியால்கூட இமையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கண்நோய் உறுதியானால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அதன் பிறகு இரண்டாம் தளத்தின் பதிவு மண்டபம். கப்பல் பயணிகள் பட்டியலை எதிரே விரித்து வைத்துக்கொண்டு அதிகாரி கேள்வி கேட்பார். எங்கே போகிறாய், யார் வருவார்கள், கையில் எவ்வளவு இருக்கிறது. இங்கேதான் குடும்பப் பெயர்களை மாற்றி எழுதினார்கள் என்று அமெரிக்காவில் பலர் இன்றும் நம்புகிறார்கள். அது சரியில்லை. அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியல். அதைச் சரிபார்த்தார்களே தவிர, புதுப் பெயர் சூட்டவில்லை. பெரும்பாலானவர்கள் பிற்பாடு தாங்களே மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2 சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். 1 கோடியே 20 லட்சத்தில் 2 சதவீதம் எத்தனை பேர் என்று போட்டுப் பாருங்கள். அதிலும் குழந்தைக்கு அனுமதி மறுத்து, தாய் தந்தையில் யார் கூடத் திரும்பிப் போவது என்று அங்கேயே நின்று முடிவு செய்த குடும்பங்கள் இருந்தன. மண்டபத்திலிருந்து இறங்கும் படிக்கட்டுக்குப் 'பிரிவின் படிகள்' என்று பெயர். ஒரு பக்கம் ரயில் டிக்கெட் கவுண்டருக்கு, மறு பக்கம் மன்ஹாட்டன் படகுக்கு, நடுவில் தடுப்பு அறைகளுக்கு. அந்தப் படிகளில் நின்று பார்ப்பதற்காக மட்டுமே நான் இந்தத் தீவுக்கு வாக்களிப்பேன்.

மண்டபத்தின் கூரையையும் நிமிர்ந்து பாருங்கள். 1916ல் பக்கத்தில் ஜெர்சி சிட்டி கரையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பழைய கூரை சேதமானது. பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த குவாஸ்டவினோ குடும்ப நிறுவனம் ஓடுகளை வளைவாக அடுக்கி இந்தக் கூரையைக் கட்டியது. 28,000க்கும் மேற்பட்ட ஓடுகள். 1980களில் கட்டிடத்தைச் சீரமைத்தபோது மாற்ற வேண்டியிருந்தது 17 ஓடுகள் மட்டும். இந்த வேலைகளெல்லாம் முடிந்து 1990 செப்டம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒலிப்பதிவு வழிகாட்டி படகு டிக்கெட்டிலேயே அடக்கம். அதைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேரும். இப்போது வழிகளுக்கு வரலாம்.

பேட்டரி பார்க்கா, ஜெர்சியா

தீவுகளில் இறக்கிவிட அரசின் ஒப்புதல் பெற்ற படகு நிறுவனம் ஒன்றே ஒன்றுதான்: ஸ்டேச்சூ சிட்டி குரூயிஸஸ். தீவில் நுழைவுக் கட்டணம் கிடையாது, படகுக்குத்தான் காசு. பெரியவர்களுக்கு 25 டாலர் அளவில் வரும். போகும் முன் இணையத்தில் அன்றைய விலையைப் பார்த்து அங்கேயே பதிவு செய்துவிடுவது நல்லது. பேட்டரி பார்க் சுற்றுவட்டாரத்தில் சட்டையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு நடைபாதையில் டிக்கெட் விற்பவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் படகுகள் சிலையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும், எந்தத் தீவிலும் நிற்காது.

மன்ஹாட்டனின் தென்முனையில் இருக்கும் பேட்டரி பார்க்கிலிருந்து கிளம்புவதுதான் வழக்கம். சப்வேயில் போய் இறங்கினால் நடக்கும் தூரம். டிக்கெட் கவுண்டர் இருப்பது கேஸில் கிளிண்டன் என்ற வட்டமான கல்கோட்டைக்குள். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இந்தக் கோட்டைதான் 1855 முதல் 1890 வரை நியூயார்க்கின் குடியேறிகள் நிலையம். அந்த ஆண்டுகளில் நியூயார்க்கில் வந்திறங்கிய குடியேறிகள் இதன் வழியாகத்தான் வந்தார்கள். ஆகவே பேட்டரி பார்க்கில் கிளம்புகிறவருக்குக் கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சிக்கல் இரண்டு. விமான நிலையத்தில் இருப்பது போன்ற பாதுகாப்புச் சோதனை வரிசை கோடை நாட்களில் மிக நீளமாக இருக்கும். அப்புறம், படகு முதலில் போவது சிலைத் தீவுக்கு. அதாவது காலையின் தெம்பு முழுவதும் சிலைக்குப் போகும், மிச்சம்தான் எல்லிஸுக்கு. நான் முதலில் சொன்ன வருத்தத்துக்குக் காரணமே இந்த வரிசைமுறைதான்.

நியூ ஜெர்சி பக்கம் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து கிளம்பும் படகு முதலில் எல்லிஸுக்கு வரும். டிக்கெட் விலை ஒன்றுதான், வரிசையும் பொதுவாகக் குறைவு. காரில் வருகிறவர்களுக்கு நிறுத்த இடம் உண்டு. ஜெர்சியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், இந்த வழிதான். மன்ஹாட்டனில் தங்கியிருப்பவர்கள், மன்ஹாட்டனையும் ஜெர்சியையும் இணைக்கும் பாத் ரயிலில் எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் நிலையம் வந்து, அங்கிருந்து லைட் ரயில் மாறி, இறங்கியபின் ஒரு மைல் அளவு நடக்க வேண்டியிருக்கும். பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு அந்த நடை கஷ்டம்.

படகுத்துறையில் ஒரு பழைய ரயில் நிலையக் கட்டிடம் நிற்கிறது. 1889ல் கட்டிய நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வே முனையம். எல்லிஸில் அனுமதி கிடைத்தவர்களில் பெரும்பகுதி நியூயார்க்கில் தங்கவில்லை. படகில் இந்தக் கரைக்கு வந்து ரயிலேறி, பென்சில்வேனியாவின் சுரங்கங்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் போனார்கள். தீவைப் பார்த்துவிட்டு இந்த முனையத்துக்குத் திரும்பும்போது அவர்கள் போன பாதையில்தான் நாமும் போகிறோம். பேட்டரி பார்க் வழியில் இது கிடைக்காது. தீவிலிருந்து ஜெர்சிக்கு ஒரு பாலம் தெரியும், அது ஊழியர்களுக்கும் சரக்குக்கும் மட்டும். பார்வையாளர்களுக்கு எப்போதும் படகுதான். திரும்பும்போது எந்தக் கரைக்குப் போகும் படகு என்று பலகையைப் பார்த்து ஏறுங்கள். இரண்டு கரைக்கும் தனித்தனிப் படகு.

பேட்டரி பார்க்கில்தான் ஏற முடியும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நாளின் முதல் படகைப் பிடியுங்கள். சிலைத் தீவில் இறங்காமல் படகிலேயே இருங்கள். படகு சிலைக்கு வெகு அருகே போகும், படம் எடுக்க அதைவிட நல்ல கோணம் தீவிலேயே கிடைக்காது. அடுத்து எல்லிஸில் இறங்கும்போது பதிவு மண்டபம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கிக்கொண்டு நின்ற அந்த மண்டபத்தில் தனியாக நிற்கும்போதுதான் அதன் அளவு புரியும். இப்படிச் செய்தால் சிலைத் தீவைக் கைவிட்டதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். பேட்டரி பார்க் போகும் படகு எல்லிஸிலிருந்து நேராகத் திரும்பிவிடும்.

சிலை மேல் ஏறுவது

பீடம்வரை ஏற ஒரு டிக்கெட், தலையின் கிரீடம்வரை ஏற இன்னொரு டிக்கெட். விலை வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் கிரீட டிக்கெட் எண்ணிக்கை சொற்பம், பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே தீர்ந்துவிடும். இன்னொரு முறை சோதனை வரிசை, பீடத்துக்கு மேல் 162 குறுகிய படிகள், மேலே சின்னச் சின்ன ஜன்னல்கள். சிலையின் உள் இரும்புக் கூட்டைப் பார்க்க ஆசை இருப்பவர்களுக்கு, குறிப்பாகப் பொறியியல் பிடித்தவர்களுக்கு, இது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். மற்றபடி அதே நாளில் எல்லிஸையும் சரியாகப் பார்ப்பது நடக்காது. கிரீட டிக்கெட் கிடைத்துவிட்டால் அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிலைத் தீவுக்காக நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 1917ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதி மக்கள் குடியேறுவதைத் தடுத்தது. 1924ல் வந்த சட்டம் நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்து மற்ற வாசல்களையும் குறுக்கியது. 1965 அக்டோபர் 3 அன்று அந்த ஒதுக்கீட்டு முறைக்கு முடிவு கட்டிய புதிய சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது இந்தச் சிலையின் காலடியில்தான். இன்று அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டம் திறந்த வழியில் போனவை. நம்மவர்களின் கதை எல்லிஸ் பதிவு மண்டபத்தில் அதிகம் இருக்காது. அருங்காட்சியகத்தில் 1954க்குப் பிந்தைய குடியேற்றத்துக்கென்று இருக்கும் பகுதியில்தான் நம்மைத் தேட வேண்டும். எல்லிஸை விடாமல், கூடுதலாக ஒரு மணி நேரம் சிலைத் தீவுக்கும் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காக. பகல் 12 மணிக்கு மேல்தான் முதல் படகே ஏற முடிகிறது என்றால், இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். அப்போது விட வேண்டியது சிலைத் தீவு.

தீவின் பூட்டிய பக்கம்

எல்லிஸில் அருங்காட்சியகம் இருப்பது வடபக்கம். படகு நிற்கும் நீர்ப்பகுதிக்கு எதிரே, தென்பக்கம், மருத்துவமனை வளாகம். ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய பொதுச் சுகாதார மருத்துவமனைகளில் ஒன்று. 1950களில் கைவிடப்பட்டு, கூரை இடிந்து, செடி முளைத்துக் கிடந்தது. இன்றும் அதைப் புதுப்பிக்கவில்லை, மேலும் சிதையாமல் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரம் நடந்து பார்க்கும் 'ஹார்ட் ஹேட்' சுற்றுலா இங்கே நடக்கிறது.

சுமார் 3,500 பேர் இங்கே இறந்ததாகவும் 350 குழந்தைகள் பிறந்ததாகவும் சொல்கிறார்கள். அம்மை வார்டு, சலவைக்கூடம், பிரேதப் பரிசோதனை அறை என்று வழிகாட்டி அழைத்துப் போவார். காசநோய் அறை ஒன்றில் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் சுதந்திர தேவி சிலை தெரியும். கரைக்கு அனுமதி கிடைக்காமல் படுத்திருந்த நோயாளிக்கு அமெரிக்கா என்பது அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்த சிலை மட்டும்தான். சுவர்களில் ஆங்காங்கே பழைய நோயாளிகள், செவிலியர்களின் பெரிய புகைப்படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். 2014ல் ஜே.ஆர். என்ற பிரெஞ்சுக் கலைஞர் செய்த வேலை.

இது சாதாரண டிக்கெட்டைவிடக் கணிசமாக விலை கூடுதல். சிறு குழந்தைகளை அனுமதிக்க மாட்டார்கள், சக்கர நாற்காலியும் போகாது. கால் விரல்களை மூடும் ஷூ கட்டாயம். உள்ளே சூடேற்றும் வசதி கிடையாது என்பதால் ஜனவரியில் எலும்புவரை குளிரும். ஆனாலும் பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள், கையில் முழு நாள் இருக்கிறது என்றால், கிரீடத்தையும் சிலைத் தீவையும் விட்டுவிட்டு இதை எடுக்கச் சொல்வேன். வடபக்கத்து மண்டபம் பளபளவென்று சீரமைக்கப்பட்டது. அங்கே பயத்தைக் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். தென்பக்கத்தில் கற்பனைக்கு வேலையில்லை.

இலவச ஃபெர்ரி

ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரிக்குக் காசே கிடையாது, 24 மணி நேரமும் ஓடும், ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம். போகும்போது வலப்பக்கம் நின்றால் சிலை நன்றாகத் தெரியும். எல்லிஸ் தூரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும், அவ்வளவுதான். எந்தத் தீவிலும் நிற்காது. சிலையைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும். குடியேற்ற வரலாற்றுக்காகப் போகிறவர்களுக்கு இது பதிலாகாது.

தீவுக்குப் பதிலாக ஆர்ச்சர்ட் தெரு

எல்லிஸ் தீவில் ஒருவர் கழித்தது சில மணி நேரம். அதற்கடுத்த பத்து இருபது ஆண்டுகளை எங்கே கழித்தார்? அதைக் காட்டுவது மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் இருக்கும் டெனமெண்ட் மியூசியம். 1863ல் கட்டிய 97, ஆர்ச்சர்ட் தெரு வாடகைக் குடியிருப்பு. 1935 வரை 20க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,000 பேர் அந்த ஒரே கட்டிடத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு, புதிய சட்டம் கேட்ட பாதுகாப்பு வேலைகளைச் செய்வதற்குப் பதிலாக, உரிமையாளர் வாடகைதாரர்களை வெளியேற்றி மேல் மாடிகளை மூடிவிட்டார். அதனால் வீடுகள் அப்படியே உறைந்து நின்றன. 1988ல் இதைக் கண்டெடுத்து அருங்காட்சியகமாக்கினார்கள்.

இங்கே தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டியோடு சின்னக் குழுவாக, குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் போவீர்கள். 1870களில் கணவன் ஒரு நாள் காணாமல்போக, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு ஜெர்மன் யூதப் பெண்ணின் வீடு, வீட்டுக்குள்ளேயே ஆடை தைக்கும் பட்டறை வைத்திருந்த குடும்பத்தின் வீடு என்று சுற்றுலாக்கள் தனித்தனி. ஒரு சுற்றுலா சுமார் ஒன்றேகால் மணி நேரம். பக்கத்தில் 103ஆம் எண் கட்டிடத்தில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்த யூத, புவேர்ட்டோ ரிக்கோ, சீனக் குடும்பங்களின் கதை சொல்கிறார்கள். மாடிப்படி ஏற முடியாதவர்கள் 103ஆம் எண் சுற்றுலாவை எடுக்கலாம்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்? கொட்டும் மழை, பாதி நாள் மட்டும் கையில், வரிசையில் நிற்கப் பொறுமையில்லை என்றால் ஆர்ச்சர்ட் தெரு. ஆங்கிலத்தை வேகமாகப் பேசினால் பின்தொடர முடியாத அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு எல்லிஸ்தான். டெனமெண்டில் எல்லாமே வழிகாட்டியின் வாய்ப்பேச்சில் இருக்கிறது, எல்லிஸில் படங்களும் மூட்டைகளும் மண்டபமும் தாங்களே பேசும். எல்லிஸில் லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, குழந்தைகள் ஓடவும் இடமிருக்கிறது. ஒன்றரை நாள் கிடைத்தால் முதல் நாள் எல்லிஸ், மறுநாள் காலை ஆர்ச்சர்ட் தெரு. இந்த வரிசையில் பார்ப்பது நல்லது. தீவில் சாக்கட்டிக் குறியிலிருந்து தப்பித்தவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று மறுநாள் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவும் உங்கள் பயணத்தில் இருந்தால் ஏஞ்சல் தீவையும் சேர்த்து யோசிக்கலாம். 1910 முதல் 1940 வரை மேற்குக் கரையின் குடிவரவு நிலையம். 1882ன் சீன விலக்குச் சட்டத்தின் கீழ் சீனர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்த இடம். அவர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன. பஞ்சாபிலிருந்து போன இந்தியர்கள் பலர் எதிர்கொண்டதும் இந்தக் கரையைத்தான். படகிலிருந்து இறங்கி மேட்டில் நல்ல நடை நடக்க வேண்டும், கூட்டம் எல்லிஸைவிட மிகக் குறைவு.

கடைசியாக இரண்டு சின்ன விஷயங்கள். எல்லிஸில் பயணிகள் பதிவுகளைக் கணினியில் தேடும் பகுதி உண்டு. அதே பதிவுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகத் தேடலாம் என்பதால் தீவு நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டாம். அப்புறம், அருங்காட்சியகத்தில் பெரிய அளவில் புதுப்பிப்பு வேலைகள் எடுத்திருக்கிறார்கள். எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். பதிவு மண்டபம் அன்று மூடியிருக்கும் என்று தெரிந்தால் நாளை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் மருத்துவமனைச் சுற்றுலா நடக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இல்லையென்றால் அன்று ஆர்ச்சர்ட் தெருவுக்குப் போய்விடுங்கள்.